வாணிகக் குறியின் வரலாறு

தோற்றுவாய்

சென்ற தைத் திங்களில் எம் தமக்கையார் மகன் எம் இல்லத்திற்கு வந்திருந்தான். அவன் பொறியியல் கற்றுச் சில ஆண்டுகள் பிறரிடம் ஊழியஞ் செய்து, பின்னர்ச் சொந்த ஊரிலேயே மரச்செக்கு அமைத்து, நல்லெண்ணெயும் கடலையெண்ணெயும் ஆட்டி விற்கத் தொடங்கியிருப்பவன். உண்டு முடித்து அமர்ந்தபின் தன் கைபேசியில் ஐந்து படங்களைக் காட்டி, "மாமா, புட்டியின்மேல் ஒட்டுவதற்கு இவற்றுள் எதனைக் கொள்ளலாம்? பார்த்துச் சொல்லுங்கள்" என்று வினவினான். ஐந்திலும் ஒரு செக்கும் ஒரு காளையும் ஒரு பச்சிலையும் இருந்தன. நிறம் மட்டுமே வேறு. எம்மூர்க் கடைத்தெருவிலுள்ள எண்ணெய்ப் புட்டிகள் அனைத்திலும் யாம் கண்டவையும் இவையே.

படம் எழுதுவோர்க்கு ஒரு தொகை கொடுத்து ஒரு படத்தைப் பெற்றுக்கொள்வதில் ஆராய்தற்கு என்ன இருக்கின்றது என்று அன்பர்கள் எண்ணக்கூடும். யாமும் ஒருகாலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை மாற்றியது அப்பிள்ளையின் தந்தையார்க்கு நேர்ந்த இடர். அவர் அப்பளம் இட்டு விற்று வந்தார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அயல்நகரத்து ஓவியர் ஒருவரைக் கொண்டு ஒரு குத்துவிளக்குப் படம் எழுதுவித்து, அதனை உறைகளில் அச்சிட்டார். நான்கு ஆண்டு வாணிகம் செவ்வனே நடந்தது. ஐந்தாம் ஆண்டில், வேற்று மாவட்டத்து வணிகர் ஒருவரின் வழக்கறிஞரிடமிருந்து அறிவிப்பு வந்தது. அதே விளக்குப் படம் அவர் பெயரால் முன்னரே பதிவு செய்யப்பெற்றிருந்தது. ஒரே படத்தை ஓவியர் இருவர்க்கும் விற்றிருந்தார். அச்சிட்ட முப்பதாயிரம் உறைகள் பழந்தாள் வாங்குவோர்க்கு எடைக்குப் போயின. அதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. புதிய உறையிட்டு விற்றபோது, கடைக்கு வந்த மக்கள், "இது வேண்டா, பழைய விளக்குப் படம் போட்டதைக் கொடுங்கள்" என்று கேட்டனர். பண்டம் அதுவே, இட்ட கையும் அதுவே. குறி மாறியதனால் உண்மைப் பண்டமே போலி ஆயிற்று.

இங்ஙனம் ஒரு குடும்பத்தின் நான்காண்டு உழைப்பைக் கொண்டுபோகவல்ல ஒரு சிறு படத்தின் வரலாறு யாது? முன்னோர் அதனை எங்ஙனம் கையாண்டனர்? பிறநாட்டார் எங்ஙனம் காத்தனர்? இவற்றை அறிந்து, நம் சங்கத்து அன்பர்களுள் சிறுதொழில் தொடங்குவோர்க்கு உதவுமாறு ஈண்டு ஒருசிறிது எழுதத் துணிந்தோம்.

குறி என்பது யாது?

இக்காலத்தார் 'லோகோ' என்று வழங்குஞ் சொல் கிரேக்க மொழியில் சொல்லைக் குறிக்கும் 'லோகோஸ்' என்பதன் வழிவந்தது. அச்சுத்தொழிலில் இரண்டு மூன்று எழுத்துக்களை ஒன்றாக வார்த்த அச்சுக்கு 'லோகோடைப்' என்பது பெயர். அதன் குறுக்கமே இது. 'பிராண்டு' என்னும் ஆங்கிலச் சொல்லோ நெருப்பையும் சுடுதலையும் குறித்தது. பின்னர்ச் சூட்டுக்கோலால் இட்ட அடையாளத்திற்கு ஆயிற்று. நம் நாட்டிலும் ஆனிரைக்குச் சூடிட்டு அடையாளஞ் செய்யும் வழக்கம் உண்டு. தமிழிலே பொறி, குறி, முத்திரை, இலச்சினை எனப் பல சொற்கள் வழங்குகின்றன. இவற்றுள் பொறி என்பது பழையது. புலி, வில், கயல் என்னும் மூவேந்தர் அடையாளங்களும் பொறி எனப்பட்டன.

இவற்றையெல்லாம் நூலிற் காண்பதற்கு முன்னரே நாம் நம் வீட்டிற் கண்டிருக்கின்றோம். துணி வெளுப்போர் சேங்கொட்டைச் சாற்றால் ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஒவ்வோர் அடையாளம் இடுவர். ஒரு வீட்டிற்கு இரண்டு புள்ளி. ஒரு வீட்டிற்குப் புள்ளியும் கோடும். மற்றொன்றிற்குக் குறுக்குக் கோடு. எத்தனை முறை வெளுத்தாலும் அம்மை அழியாது. நூறு வீட்டுத் துணியை ஒருங்கே ஆற்றில் அலசினும் ஒன்று மற்றொன்றோடு மாறுவதில்லை. எழுத்தறியாதாரும் கண்ட அளவிலே அறிதல், பிறிதொன்றோடு மயங்காமை, அழியாமை என்னும் மூன்று இலக்கணமும் அச்சிறு புள்ளிகளில் நிரம்பியிருக்கின்றன. வாணிகக் குறிக்கும் இலக்கணம் இம்மூன்றே.

பண்டைத் தமிழகத்துக் குறிகள்

கரிகாற் பெருவளத்தானைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கச்சாவடியின் இயல்பு கூறப்பெறுகின்றது. கடலினின்று வந்திறங்கிய பண்டமும் நாட்டினின்று கடலுக்குச் செல்லும் பண்டமும் அளவின்றி முற்றத்திற் குவிந்து கிடக்க, காவலர் அவற்றின்மேல் சோழர்தம் புலிப்பொறியை இட்டு வெளியே விடுவர். இப்புலி, பண்டத்தைச் செய்தவன் யாவன் என்பதை அறிவிப்பதன்று. அரசற்கு உரிய கடமை இறுக்கப்பெற்றது என்பதற்குச் சான்றாக நிற்பது. எனவே இது அரசன் குறி.

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை வேறொரு குறியைக் காட்டுகின்றது. அப்பட்டினத்து வெளியிடத்திலே கிடக்கும் பொதிகளின்மேல், அவற்றிற்கு உரிய வணிகர்தம் பெயர் பொறித்த கண்ணெழுத்து இடப்பட்டிருந்தது என இளங்கோவடிகள் கூறுகின்றார். காவலும் பூட்டும் இன்றியே அப்பொதிகள் கிடந்தன. கவர்ந்தவர் உளராயின் அச்சுமையையே கழுத்து வருந்தச் சுமக்கச் செய்வரேயன்றி ஈந்துவிடார் என்பது அங்குக் கூறப்படுஞ் செய்தி. இங்கே குறி, உடையவன் குறி. எழுதிய பெயரே காவலனாக நின்றமையை நோக்குக.

மூன்றாவது ஒன்று உண்டு. அது செய்தவன் குறி. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் என்னும் தொல்பொருளறிஞர் அகழ்ந்தபோது, இத்தாலி நாட்டு அரெஸ்ஸோ என்னும் ஊரின் பெயரால் அழைக்கப்பெறும் செந்நிற மட்கல ஓடுகள் கிடைத்தன. அவற்றுட் சிலவற்றில், கலத்தை வனைந்த தொழிற்சாலையாரின் பெயர் முத்திரையாக அழுத்தப்பட்டிருந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன், கடல் பல கடந்து, தன் முகத்தை என்றும் காணாத ஒரு நாட்டிலே, 'இது என் கலம்' என்று ஒரு குயவன் உரைத்த சொல் மண்ணிற் புதைந்தும் அழியாது கிடந்தது. இடைக்காலத்தில் ஐந்நூற்றுவர் என்னும் பெருவணிகக் குழுவினர் தாம் நாட்டிய கல்வெட்டுக்கள் பலவற்றில் தம் சின்னங்களைச் செதுக்குவித்தனர். அதனை ஒருவன் குறி என்னாது ஒரு கூட்டத்தின் குறி என்றே கூறல் வேண்டும்.

அரசன் குறி, உடையவன் குறி, செய்தவன் குறி என்னும் இம்மூன்றனுள் இற்றைநாள் வாணிகக் குறிக்குத் தாய் மூன்றாவதே. அரசன் குறி வரிக்கும், உடையவன் குறி பொதிக்கும் உரியன. செய்தவன் குறியோ பொறுப்பிற்கு உரியது. பண்டம் நன்றாயின் புகழும் தீதாயின் பழியும் என்னைச் சேர்க என்று செய்தவன் முன்வந்து நிற்பதே அதன் பொருள். இங்கிலாந்தில் 1363-ஆம் ஆண்டிலே, பொற்கொல்லர் ஒவ்வொருவரும் தத்தமக்கென ஒரு குறி வைத்துக்கொள்ளல் வேண்டும் எனச் சட்டம் பிறந்ததும் இக்கருத்துப் பற்றியே. மாற்றுக் குறைந்தால் எவனைப் பிடிப்பது என்பதனை அக்குறி காட்டும்.

இயந்திரக் காலமும் முதற்பதிவும்

ஓரூரார் செய்ததை அவ்வூராரே கொண்ட நாளில், செய்தவன் முகமே குறியாக இருந்தது. எண்ணெய் ஆட்டுவாரையும் தறி நெய்வாரையும் கொள்வோர் பெயர் சொல்லி அழைப்பர். இயந்திரம் வந்து, ஒரு தொழிற்சாலைப் பண்டம் ஆயிரங் காதம் செல்லத் தொடங்கியதும் முகம் மறைந்தது. அம்முகத்தின் இடத்திலே குறி வந்து நின்றது. குறிக்கு மதிப்பு ஏறவே, பிறர் குறியைத் திருடுவாரும் பெருகினர். ஆதலின் பதிவுச் சட்டம் வேண்டுவதாயிற்று.

இங்கிலாந்தில் 1875-ஆம் ஆண்டு வாணிகக் குறிப் பதிவுச் சட்டம் இயற்றப்பெற்று, 1876 சனவரி முதல் நாள் பதிவு தொடங்கியது. அன்று முதல் எண் பெற்றது 'பாஸ்' என்னும் மதுவடிப்புச் சாலையாரின் செம்முக்கோணம். பதிவகத்தின் வாயிலிலே முன்னாள் இரவெல்லாம் அச்சாலையின் ஊழியர் ஒருவர் காத்து நின்றார் என ஒரு கதையும் வழங்கும். நாம் விலக்கும் மதுவின் குறி என்று அன்பர்கள் இதனை ஒதுக்கிவிடாது, அக்குறியின் எளிமையை மட்டும் நோக்கல் வேண்டும். விலங்கில்லை, மாலையில்லை, மகுடமில்லை. மூன்று கோடும் ஒரு நிறமுமே. சிறு குழவியும் மணலிற் கீறிக்காட்டலாம். பிரெஞ்சு ஓவியர் மனே 1882-ஆம் ஆண்டில் முடித்த ஒரு பேரோவியத்தில் பல புட்டிகளுக்கிடையே அச்செம்முக்கோணப் புட்டியும் இருக்கின்றது. நூற்றாண்டு கடந்தும் காண்பார் அதனை இன்னதென்று அறிகின்றனர்.

துணிச்சீட்டும் தீப்பெட்டியும்

நம் நாட்டிற்குக் குறியின் ஆற்றலைப் பெரிதுங் காட்டியவை மாஞ்செஸ்டரிலிருந்து வந்த துணிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கிருந்து ஏற்றுமதியான துணிக்கட்டின் ஒவ்வொரு மடியிலும் ஒரு வண்ணச்சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. யானை, புலி, மயில், தெய்வ உருவம், புராணக் காட்சி எனப் பலவகை ஓவியங்கள் கல்லச்சில் அழகுற அச்சிடப்பெற்றன. ஏன் இத்துணைச் செலவு? கொள்வோருட் பெரும்பாலார் ஆங்கில எழுத்தை அறியார். அவர் அறிந்தது படம் ஒன்றே. படம் மாறிவந்தால், நூல் அதுவே ஆயினும் துணியை ஐயுறுவர். ஆகலின் ஏற்றுமதி வணிகர் துணியைக் காட்டிலும் சீட்டைக் காத்தனர் என்னலாம். பருத்திப் பொருட் குறிகளை ஆராய்தற்கென்றே மாஞ்செஸ்டர் நகரில் தனி அலுவலகம் ஒன்றும் ஏற்பட்டது. பின்னர் நம் நாட்டு ஆலையாரும் அவ்வழியையே பின்பற்றித் தம் துணிக்குத் தம் சீட்டு ஒட்டினர்.

தென்பாண்டி நாட்டிலே இதற்கு ஒப்பான வரலாறு ஒன்று உண்டு. சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் 1922-ஆம் ஆண்டில் கல்கத்தா சென்று தீக்குச்சி செய்யுந் தொழிலைக் கற்று மீண்டு, 1923-ஆம் ஆண்டில் தம்மூரில் அதனைத் தொடங்கினர். மழை குறைந்த வறண்ட நிலம் தீக்குச்சிக்கு உகந்த நிலமாயிற்று. தீப்பெட்டி பெருகவே அதன்மேல் ஒட்டுஞ் சீட்டு வேண்டியிருந்தது. சீட்டு வேண்டவே அச்சுக்கூடங்கள் எழுந்தன. நாட்காட்டிக்கும் வாழ்த்து மடலுக்கும் பேர்பெற்ற சிவகாசி அச்சுத்தொழில், ஒரு விரற்கிடை அகலமுள்ள தீப்பெட்டிச் சீட்டின் துணையால் வளர்ந்தது என்பதனை எண்ணுங்கால் வியப்பு உண்டாகின்றது. கடைக்கு அனுப்பப்பெற்ற சிறுவர்க்கு நிறுவனத்தின் பெயர் தெரியாது. "அந்தப் படம் போட்ட பெட்டி" என்றே கேட்பர். விலங்கும் பறவையும் மலரும் குறியாக நின்றதன் காரணம் இதுவே.

ஒரு படம் ஓடியதும், அதனைச் சிறிது திரித்து மற்றொருவர் அச்சிடுதலும் உண்டாயிற்று. இந்தியாவில் 1889-ஆம் ஆண்டுச் சரக்குக் குறிச் சட்டம் பொய்க்குறி இடுவாரைத் தண்டித்ததேயன்றிக் குறியைப் பதிவு செய்தற்கு வழி செய்யவில்லை. அவ்வழி 1940-ஆம் ஆண்டு வாணிகக் குறிச் சட்டத்தாற் பிறந்தது. அதன்பின் 1958-ஆம் ஆண்டிலும் 1999-ஆம் ஆண்டிலும் புதுச்சட்டங்கள் வந்தன. இறுதியிற் கூறியது 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ளது.

படத்தின் விலையும் உரிமையின் விலையும்

இனி எம் கருத்தின் உயிர்நிலையாகிய செய்திக்கு வருவோம். பாட்டுப்பெட்டி இருந்த இல்லங்களில் 'நாய் மார்க்கு' இசைத்தட்டை அறியாத முதியோர் இலர். ஊதுகுழலின் முன் அமர்ந்து செவிசாய்த்திருக்கும் அந்நாயின் பெயர் நிப்பர். அதனை எழுதியவர் பிரான்சிஸ் பராடு என்னும் ஆங்கில ஓவியர். தம் தமையனார் வளர்த்த அந்நாய், பேசும் பொறியின் முன் வியந்து நிற்பதாக அவர் எழுதினார். முதலில் எழுதியது எடிசன் வகைப்பட்ட உருளைப் பொறி. படம் பொலிவு பெறுதற்குப் பித்தளைக் குழல் ஒன்று இரவல் வேண்டி, 1899-ஆம் ஆண்டில் இலண்டனில் இருந்த கிராமபோன் கம்பெனிக்குச் சென்றார். அதன் தலைவர், உருளைப் பொறியை நீக்கித் தம் தட்டுப்பொறியை எழுதித் தந்தால் அப்படத்தை வாங்கிக்கொள்வதாகக் கூறினார். அவ்வாறே முன்னையதன் மேலேயே புதிய பொறி தீட்டப்பெற்றது.

அக்கம்பெனியார் கொடுத்த தொகை நூறு பவுன். அதனைக் கொடுத்த முறையை அன்பர்கள் உற்று நோக்கல் வேண்டும். படத்திற்கு ஐம்பது பவுன். படத்தின் உரிமைக்கு வேறாக ஐம்பது பவுன். ஓவியத்தைச் சுவரில் மாட்டிக்கொள்வது ஒன்று. அதனைப் படியெடுத்துப் பல்லாயிரம் தட்டில் ஒட்டுவது மற்றொன்று. இவ்விரண்டும் இருவேறு பொருள்கள் என்பதனை அவர்கள் உணர்ந்து, இருவேறு விலை கொடுத்து, எழுதி வாங்கிக்கொண்டனர். எம் தமக்கையார் கணவர் கொடுத்தது முதல் ஐம்பது மட்டுமே. இரண்டாம் ஐம்பதைக் கொடுக்கவேண்டும் என்று அவர்க்குச் சொல்வார் இல்லை.

மற்றொரு வரலாறும் ஈண்டுக் கூறத்தகும். அமெரிக்க நாட்டில் 'நைக்கி' என்னும் காலணி நிறுவனம் சிறுதொழிலாக இருந்த 1971-ஆம் ஆண்டில், அதன் தலைவர் பில் நைட்டு, போர்ட்லாந்து அரசுப் பல்கலைக்கழகத்தில் ஓவியக் கலை பயின்ற கரோலின் டேவிட்சன் என்னும் மாணவியாரைக் கொண்டு ஒரு குறி எழுதுவித்தார். ஒரு வளைகோடு, அவ்வளவே. அதற்கு அம்மையார் பெற்றது முப்பத்தைந்து டாலர். அக்குறியைக் கண்டபோது நிறுவனத்தார்க்குப் பெருமகிழ்ச்சி ஒன்றும் உண்டாகவில்லை, காலக்குறைவால் ஏற்றுக்கொண்டனர். இன்று அவ்வளைகோடு உலகறிந்தது. 1983-ஆம் ஆண்டில் நிறுவனத்தார் அவ்வம்மையாரை அழைத்து விருந்திட்டு, ஒரு மோதிரமும் நிறுவனத்துப் பங்குகளும் அளித்தனர். இதனால் இரண்டு உண்மை பெறப்படும். குறியின் மதிப்பு எழுதிய நாளில் இல்லை, பண்டத்தால் பின்னர் ஏறுவது என்பது ஒன்று. எழுதியவர்க்குக் கூலி குறைந்திருப்பின், வாழ்வு வந்தபோது நினைந்து அளித்தல் வணிகர்க்கு அறம் என்பது மற்றொன்று.

படமே குறியாதல் வேண்டும் என்னும் நியதியும் இல்லை. 1886-ஆம் ஆண்டில் அட்லாண்டா நகரில் தோன்றிய 'கோக்கா கோலா' என்னும் பானத்தின் பெயரை, அந்நாளில் வழங்கிய அழகிய கையெழுத்து முறையில் எழுதிக் கொடுத்தவர் அந்நிறுவனத்துக் கணக்கர் பிராங்க் ராபின்சன். அவ்வெழுத்தே குறியாயிற்று. நம் தமிழெழுத்துக்களின் வளைவும் சுழியும் குறியாதற்கு மிக ஏற்றவை. அங்ஙனமிருந்தும், நம்மவர் தம் பெயரின் முதலெழுத்தை ஆங்கிலத்தில் எழுதி வட்டத்துள் அடைப்பதே அழகு என்று கருதுவது எமக்கு வருத்தந் தருகின்றது. பிறவற்றோடு மயங்காமை குறியின் இலக்கணம் என்றோம். ஆங்கில எழுத்துக்கள் நிரம்பிய கடைத்தெருவில் ஒரு ழகரம் தனித்து விளங்காதோ?

இற்றைநாள் முறை

இனி நம் நாட்டில் இன்று செய்யத்தக்கன யாவை என்பதைச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, குறியை எழுதியவரே பதிப்புரிமைக்கு முதற்கண் உரியவர் என்பது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் பொது விதி. நம்மிடம் ஊதியத்திற்கு வேலைபார்ப்பவர் அவ்வேலையில் எழுதினால் உரிமை நமக்கு ஆகும். வெளியார் ஒருவர்க்குக் கூலி கொடுத்து எழுதுவித்தால் அங்ஙனம் தானே வந்துவிடாது. சிலவகை ஓவியங்கட்கு விலக்கு உண்டு. ஆயினும் குறி அதனுள் அடங்குமா என வழக்காடுதற்கு இடம் வையாது, உரிமையை எழுத்து மூலமாகப் பெறுதலே அறிவுடைமை. அவ்வெழுத்தில் கையொப்பம் வேண்டும். எத்தனை ஆண்டிற்கு என்று குறியாவிடின் ஐந்தாண்டு என்றும், எந்நிலத்திற்கு என்று குறியாவிடின் இந்தியாவிற்கு மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். ஆகலின் காலமும் இடமும் தெளிவுற எழுதுக. இதே படம் வேறொருவர்க்குத் தரப்பெற்றதன்று, தரப்பெறாது என்னும் உறுதியும் அதில் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, எழுதுவிக்கு முன்னரே, அத்தகைய குறி பதிவாகியிருக்கின்றதா என்று தேடிப் பார்த்தல் வேண்டும். பதிவேட்டைக் கணினி வழியே எவரும் காணலாம். பண்டங்களும் பணிகளும் 45 வகுப்புக்களாகப் பகுக்கப்பட்டுள்ளன. உண்ணும் எண்ணெய் 29-ஆம் வகுப்பு; சவர்க்காரம் 3-ஆம் வகுப்பு. எண்ணெய்க்கு மட்டும் பதிவு செய்தவர், நாளை அவ்வெண்ணெயாற் சவர்க்காரம் செய்வாராயின் அதற்கு வேறு பதிவு வேண்டும்.

மூன்றாவது, பண்டத்தின் இயல்பையே கூறும் குறி வலிமையுடையதன்று. எண்ணெய்க்குச் செக்கும், பாலுக்குப் பசுவும், அரிசிக்குக் கதிரும் வணிகர் யாவர்க்கும் பொது. பொதுவை ஒருவர் தமக்கே உரியது எனல் அரிது. தெய்வப் பெயர்களும் புனித நூற்பெயர்களும் அத்தகையனவே. ஊதுபத்திக்கு 'இராமாயணம்' என்னும் பெயரை ஒருவர் தமக்கே உரிமையாக்க முயன்ற வழக்கில், புனித நூலின் பெயரை ஒருவர் தனியுரிமையாகக் கொள்ளல் இயலாது என உச்சநீதிமன்றம் 2015-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. கடவுளை வேண்டித் தொழில் தொடங்குக. கடவுளைக் குறியாக்கிப் பிறரைத் தடுக்க எண்ணற்க.

நான்காவது, குறியை முதலிற் கருமையில் மட்டும் எழுதுவிக்க. நிறத்தால் மட்டும் வேறுபடுவது, நிறம் மங்கினால் ஒன்றாகிவிடும். நிறவரையறையின்றிப் பதிவாகும் குறி எல்லா நிறத்திற்கும் பதிவானதாகக் கொள்ளப்படும்.

ஐந்தாவது, பதிவு. நம் மாநிலத்தார்க்குரிய பதிவகம் சென்னைக் கிண்டியில் இருக்கின்றது. 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி, கணினி வழி விண்ணப்பிக்கும் தனியார்க்கும் சிறுதொழிலார்க்கும் ஒரு வகுப்பிற்கு ரூ. 4,500, ஏனையோர்க்கு ரூ. 9,000. ஏற்கப்பெற்ற குறி இதழில் வெளியிடப்படும். நான்கு திங்களுக்குள் எவரும் மறுப்புரையாவிடின் பதிவாகும். பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்து வரின் எக்காலத்தும் நிற்கும். பதிவு முடிவதற்கு முன், பதிவானது போல வட்டத்துள் 'ஆர்' எழுத்து இடுதல் தண்டனைக்குரிய குற்றம் என்பதனையும் மறவற்க. விற்ற நாள் முதற்கொண்டு பட்டியல்களையும் பழைய உறைகளையும் பேணி வைக்க. முன்னர் வழங்கியவர் யார் என்னும் வினா எழுந்தால் அவையே சான்றாம்.

முடிவுரை

இவற்றையெல்லாம் எம் மருமகனுக்குக் கூறியபோது, அவன் அந்த ஐந்து படங்களையும் நீக்கிவிட்டான். "அப்படியானால் எதைத்தான் வைப்பது, மாமா?" என்று கேட்டான். அருகிருந்த எம் தமக்கையார், தம் மாமனார் வாரச்சந்தைக்கு எண்ணெய் கொண்டுசென்ற நாளில், பிறர் தகரத்தோடு மாறாமல் இருத்தற்குத் தம் தகரத்தின்மேல் தாரினால் மூன்று புள்ளியும் கீழே ஒரு வளைகோடும் இட்டு வந்தார் என்று கூறினார். அக்கால் சந்தைக்கு வந்தோர் "மூன்று புள்ளித் தகரம்" என்றே கேட்டு வாங்குவராம். வீட்டுப் பரணிலிருந்து அத்தகரம் ஒன்றைத் தேடியெடுத்தனர். துரு ஏறியிருந்தும் தார்ப்புள்ளிகள் தெரிந்தன.

உள்ளூர் ஓவியர் ஒருவர் அதனைச் செம்மைப்படுத்தி எழுதிக்கொடுத்தார். படத்திற்கு ஒரு தொகையும் உரிமைக்கு ஒரு தொகையும் என இரண்டாகவே கொடுத்து, முத்திரைத்தாளில் எழுதி வாங்கினோம். பதிவிற்கு விண்ணப்பமும் சென்றிருக்கின்றது. மறுப்பு வருமோ வாராதோ, அஃது இனித் தெரிய வேண்டும். எம் வீட்டுச் சிறுமி அதனை ஒருமுறை கண்டாள். மறுநாள் திண்ணையிற் கரியால் தானே எழுதியிருந்தாள். அதனைக் கண்டபின்னரே எமக்கு மனநிறைவு உண்டாயிற்று.

அன்பர்களே, குறி என்பது வாக்கு. காவிரிப்பூம்பட்டினத்துப் பொதிகளைப் பூட்டின்றிக் காத்தது அவற்றின்மேல் எழுதிய பெயர் என்று கண்டோம். அப்பெயர்க்கு அவ்வாற்றல் வந்தது மையினாலன்று. பெயர்க்குரியவர் நிறையும் அளவும் தவறாதவர் என்னும் நம்பிக்கையினால். கலப்படம் செய்த எண்ணெயின்மேல் எத்துணை அழகிய குறி இருப்பினும், அது பிடிபடுதற்கு உதவும் அடையாளமாகவே முடியும். பண்டம் நன்றாக இருந்தும் உரிமை எழுதப்படாவிடின், உழைப்பின் பயனைப் பிறர் கொள்வர். ஆகவே தொழில் தொடங்கும் நம் இளைஞர் பண்டத்தை நேர்மையாற் காக்க. குறியை எழுத்தாற் காக்க. நம் சங்கத்துச் சிறுதொழிலாளர் குடும்பங்கள் இவ்விரண்டையும் பேணி நீடு வாழ்க.